குதிரைவலு

கொள்ளுப்பிட்டியில் என் மேசைக்கு வருகிற படிவங்களில்
அது பதினான்காம் கட்டம்.
ஓட்டோவுக்கு எட்டு.
பக்கத்து வீட்டாரின் சின்னக் காருக்கு நாற்பத்தெட்டு.
துறைமுகத்து லொறி என்றால் முந்நூறைத் தாண்டும்.
பத்தொன்பது வருடமாய் நிரப்புகிறேன்.
ஒரு குதிரையையும் தொட்டதில்லை.

சனசமூக நிலையத்துப் பலகையில்
தையல், கணினி, கேக் அலங்காரம்,
குதிரை பராமரிப்பும் ஏற்றமும் – எட்டு ஞாயிறு.
கேக் நிரம்பிவிட்டது என்றார்கள்.

பொறுப்பேற்க மாட்டோம் என்கிற கடிதத்தைக்
கடைசி வரிவரை வாசித்தவள் நான் ஒருத்திதான்.
உதை, கடி, விழுதல், இடி மின்னல்.
நல்ல கடிதம். நானே எழுதியிருக்கலாம்.
கையெழுத்து வைத்தேன்.

அவள் பெயர் ஓகஸ்டா.
நுவரெலியாவில் நான்கு பந்தயம், ஒன்றிலும் முதலில்லை.
இடது கண்ணோரம் பழைய தையல்.
எங்களைப் படிப்பித்த ஷெனாலிக்கு வயது இருபத்திநாலு.
முதல் ஞாயிறு ஏறச் சொல்லவில்லை,
வாளியையும் பிரஷ்ஷையும் தந்தாள்.
இரண்டாம் ஞாயிறும் அதே வாளி.
மூன்றாவதில் குளம்பு.
தோளை அவள் தோளில் சாயுங்கோ,
கையை முழங்காலுக்குக் கீழே வழுக்கவிடுங்கோ,
இழுக்க வேண்டாம்.
காலை அவளே தருவாள்.

தந்தாள்.
அவ்வளவு பாரத்தையும் மூன்று காலுக்கு மாற்றிவிட்டு
நாலாவதை, முன்பின் தெரியாத
ஒரு காப்புறுதிக் கிளார்க்கின் உள்ளங்கையில்.
கல். சேறு. ஒரு சோடா மூடி.
நடுவில் மெத்தென்று ஒரு முக்கோணம்,
அதன் பெயர் தவளையாம்.
அன்று பஸ்ஸில் வெள்ளவத்தைவரை
என் கையை நானே மணந்துகொண்டு வந்தேன்.
பக்கத்தில் இருந்தவர் எழும்பிப்போய் நின்றார்.

ஏழாம் ஞாயிறு ஏற்றம் என்றிருந்தது.
புதுச் சப்பாத்துக்கூட வாங்கியிருந்தேன்.
சனி இரவு ஒன்பதுக்கு ஃபோன்:
ஓகஸ்டா வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாளாம்,
தரையைக் கிளறுகிறாளாம்,
ஆள் வேண்டுமாம்.

மிருக வைத்தியர் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்:
விட்டு விட்டு நடத்துங்கள். புரள விடாதீர்கள்.
இலத்தி விழுந்தால் தப்புவாள்.

நடத்தினோம்.
மாநகரசபைப் பம்ப் பார்க்கும் சல்டின் பத்து மணியிலிருந்து,
பல் கட்டுகிற கருணைநாதன் அதற்குப் பிறகு,
இரட்டைப் பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவந்த நதீஷா,
ஒரு மணிக்கு நான்.
மைதானம் சேறு என்பதால் மதிலோரத் தெருவில்.
ஒருகாலம், இந்த நகரத்தில் இந்த நேரத்துக்கு
அடையாள அட்டையில்லாமல் வாசலுக்கும் வராதவள்,
அன்று அதை மறந்துபோய், வீட்டுச் சட்டையோடு,
நானூற்றைம்பது கிலோவைக் கயிற்றில் பிடித்தபடி.
ரோந்து வந்த பொலிஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார்.
வயிற்றுக் குத்து என்றேன், சிங்களத்தில்.
இஞ்சி கொடுத்துப் பார்த்தீர்களா என்றார்.

அவள் மூச்சு என் கழுத்தில்.
தாடைக்குக் கீழே விரல் வைத்து எண்ணினேன்:
ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தெட்டு.
பிறகு ஐம்பத்திரண்டு.
நாற்பத்து நாலில் வாலை உயர்த்தினாள்.

தார் வீதியில், தெருவிளக்கின் கீழ், ஆவி பறக்க.
கருணைநாதன் கை தட்டினார்.
சல்டின் டோர்ச் அடித்து,
அடகுக்கடைக்காரர் சங்கிலியைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.
ஷெனாலி மதிலில் முகத்தை வைத்து அழுதாள்,
அவளுக்கு இருபத்திநாலுதான் என்பது
அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கடைசி ஞாயிறும் ஓகஸ்டாவுக்கு ஓய்வு.
சான்றிதழ் தந்தார்கள், 'பராமரிப்பும் ஏற்றமும்' என்று.
ஒருவரும் ஏறவில்லை.
நதீஷா மட்டும் பாதிக் காசைத் திருப்பிக் கேட்டாள்.
வாங்கி, தவிடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை. பதினான்காம் கட்டம்.
ஓட்டோ, மருதானைச் சந்தி, பின்பக்கம் நசுங்கல்.
எட்டு என்று எழுதப்போன பேனை நின்றது.
எட்டு ஓகஸ்டா.
முப்பத்திரண்டு குளம்பு.
இந்த மனுசன் தனி ஆளாய்
எப்படிச் சமாளித்தார்?