கறிவேப்பிலை77

செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்கள்.
இனி விற்பனைக்கு இல்லை,
நவம்பர் முப்பது நள்ளிரவோடு சர்வரும் இல்லை.
அவர்களுடைய நள்ளிரவு
எங்கள் சாட்ஸ்வொர்த்தில் இரண்டு மணி.

லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை தோற்றவள் நான்.
மூன்றாம் முறை
ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோய்
பின்னால் வந்த மினிபஸ் டாக்ஸிகள்
என் குலம் கோத்திரம் எல்லாம் ஹாரனில் விசாரித்தன.

அங்கேயோ
பதினெட்டுச் சக்கர லாரி என்னுடையது.
பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஆவியில் வெந்த கை
ராத்திரி பனிமலைச் சாலையில் மரம் ஏற்றிப் போகும்.
கண்ணாடியைப் பார்த்தே பின்னுக்கு நகர்த்தி
இரண்டு கொட்டகைக்கு நடுவே
உரசாமல் நிறுத்துவேன்.
பனியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அந்த ஊரில் என் பெயர் கறிவேப்பிலை77.
வாசனைக்குப் போட்டு
ஓரமாய் ஒதுக்குவார்கள் என்று தெரிந்தா வைத்தேன்?
கொல்லையில் நின்றது, வைத்தேன்.

கூட வருவது மூன்றாம்கியர்.
ஆறு வருஷம்.
ஆணா பெண்ணா தெரியாது, எந்த நாடோ தெரியாது.
இறக்கத்தில் பிரேக் சூடேறினால்
பின்விளக்கை இரண்டு தடவை சிமிட்டும்,
அது தெரியும்.

"இல்லாத ரோட்டுக்கு எதுக்கு இவ்வளவு தூக்கம் கெடுது?"
என்பார் தயாளன்,
தன் பெயரே தெரியாத பதினோரு பேருக்காக
சனிக்கிழமைதோறும் தொண்டை கட்டிக்கொள்கிறவர்.

கடைசி ராத்திரி
மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்கு
பன்னிரண்டு முதல் இரண்டரை.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
பாலத்தின் மேல் லாரிகள், நூற்றுக்கு மேலே,
விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கின்றன.
ஒருவரிடமும் சரக்கில்லை.
மூன்றாம்கியர் என் வலப்பக்கம்.
ஆறு வருஷமாகக் கேட்காததைத் தட்டத் தொடங்கினேன்.
"உன் நிஜப் பெயர் எ

இருட்டு.
நாலு வீடு தள்ளி பிரேம்லாலின் ஜெனரேட்டர் இருமியது.
மெழுகுவர்த்தி தேடவில்லை.
கையிலிருந்த கன்ட்ரோலரின் சூடு
ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.
இரண்டரைக்கு ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு எழுந்தது.
டிவி சொன்னது:
சர்வரோடு தொடர்பு இல்லை, பிறகு முயலவும்.

பிறகு.

இரண்டு பேரும் முன்கூட்டியே சொன்னவர்கள்தான்.
இருந்தாலும் மின்வாரியம் எவ்வளவோ தேவலை,
எடுத்ததை இரண்டரை மணியில்
திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

சனிக்கிழமை டிஸ்க்கைப் பழைய சாமான் கடையில் நீட்டி
எண்ணூற்று நாற்பத்தொன்பது ராண்ட் கொடுத்து வாங்கினது
என்றேன்.
நிவாஷ்னி பெட்டியைத் திருப்பி
எறும்புச் சாரையாய் ஓடிய எழுத்தைக் காட்டினாள்.
"விளையாட அனுமதிதான் ஆன்ட்டி நீங்க வாங்கினது."

சரி,
கடனையும் வாங்கினேன் என்றுதானே சொல்கிறோம்.
அடியையும்.

வெறும் பெட்டிக்கு ஐந்து ராண்ட் தருவாளாம்.
டிஸ்க் வேண்டாமாம்.

லிச்சி பழுக்கிற மாதம்.
நடு ஓட்டையில் நைலான் கயிறு கோத்து
மைனா விரட்டக் கிளையில் தொங்கவிட்டேன்.
மைனா இரண்டு நாள் பயந்தது.
குரங்கு அதுகூட இல்லை.
மதில்மேல் குந்தி லிச்சி உரித்தபடி
டிஸ்க்கில் தன் முகத்தைப் பார்த்தது,
பல்லைக் காட்டியது,
கொட்டையைத் துப்பிவிட்டுப் போனது.

ஆனால் சாயங்கால வெயிலில்
காற்றுக்கு அது திரும்பும்போது
சமையலறைச் சுவரில் ஒரு வெளிச்சம்
சிமிட்டும், மறுபடி சிமிட்டும்.

கரண்ட் இருக்கிற நாட்களில்
ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு
நானும் சுவிட்சை
இரண்டு தடவை.