அவிப்பாகம்

கஸாடா மாதத்து முழுநிலவில்
மணற்கடலைக் கடந்து போனோம்.
கடல் என்றுதான் சொல்வோம்,
ஒரு துளி நீர் கிடையாது அதில்.
லாரியின் பின்பக்கம் பதினேழு பேர்,
நான்கு ஆடு, முட்டைக்கோஸ் மூட்டைகள்,
என் மடியில் ஒரு சேவல்.

கொண்டை பிளந்த சேவல்.
குஞ்சாய் இருந்தபோது கதவிடுக்கில் மாட்டியதை
லெகினிதான் மஞ்சள் பூசிப் பிழைக்கவைத்தாள்.
அவளுக்கு மூச்சு முட்டிய மழைக்காலம்,
ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப் சேற்றில் நின்றுபோன இரவு,
புரோமோவைப் பார்த்துச் சொன்னேன்:
இவளை விட்டுவிடு, சேவலைத் தருகிறேன்.

பிரம்மாவின் பெயர்தான்
வாய்களில் தேய்ந்து புரோமோ ஆனது என்பார்கள்.
எனக்கு அது மலை.
புகைவிடும். சில வருடம் இருமும்,
என் மகளைப் போல.

பிள்ளையில்லாத ஒருத்தியும் ஒருவனும்
முன்னொரு காலம் இங்கே வந்து அழுதார்கள்.
(அவர்கள் பெயர்களின் வால்களை முடிந்ததுதான்
எங்கள் இனத்தின் பெயர், தெங்கெர்.)
இருபத்தைந்து கொடுத்தது மலை,
கடைக்குட்டியைத் திருப்பிக் கேட்டது.
ஒளித்துவைத்தார்கள்.
தீ நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டது.
வருடம் ஒருமுறை விளைந்ததைக் கொண்டுவந்தால் போதும்
என்று உள்ளிருந்து பிள்ளையின் குரல் கேட்டதாம்.
மீந்த இருபத்துநாலு பேரின் வாரிசு நாங்கள்.
பேரம் எங்கள் ரத்தத்திலேயே உண்டு.

அடிவாரக் கோயிலில் புதுப் பூசாரிகளுக்குச் சோதனை.
ஏட்டைப் பார்க்காமல் மந்திரம் சொல்ல வேண்டும்.
ஒருவர் பாதியில் தடுக்கினார்.
மணி நின்றது. கூட்டம் மூச்சடக்கியது.
விடியுமுன்னே என் மடியிலிருந்து
சேவல் கூவியது.
யாரோ சிரித்தார்கள், நானில்லை.
அவர் அடுத்த வருடம் வருவார்.

இருநூற்றைம்பது படி. விளிம்பு.
கண்ணில் கந்தகம்.
வீசினேன்.

கல்லாக விழும் என்று நினைத்திருந்தேன்.
அது இறக்கை விரித்துச்
சாய்ந்து சாய்ந்து இறங்கியது.
உள்சரிவில் ஆட்கள் நின்றார்கள்,
முகத்தில் சுற்றிய சாரோங்,
மூங்கில் முனையில் வலை.
ரூபாய் நோட்டு, வெங்காயத்தாள், ஆட்டுக்குட்டி,
எதுவானாலும் தீக்கு முன்னே பிடித்துவிடுவார்கள்.
யாரும் திட்டுவதில்லை.
எறிவது எங்கள் வேலை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் சுகபுரா சந்தை.
உருளைக்கிழங்கை விற்றுவிட்டுத் திரும்பினால்
கால் கட்டிய சேவல். பிளந்த கொண்டை. இறகில் சாம்பல்.
விற்கிற பையனின் இமையிலும் சாம்பல்.
மிஸ்னாடி என்று பெயர் சொன்னான்.
கடலோரத்து ஊர்,
மதியத் தொழுகைக்குள் விற்றுவிட வேண்டுமாம்.

எங்கே பிடித்தாய் என்றேன்.
மேலேயிருந்து வந்தது என்றான்.
பொய் இல்லை.

அக்கினிதான் தேவர்களின் வாய்
என்று ஓதக் கேட்டிருக்கிறேன்.
வாய் இருந்தால் பசி இருக்கும்.
பசிக்குக் கை இருக்கும்.
அவன் முழங்கையில் வெந்து உரிந்த தோல்,
விரலிடுக்கில் கயிறு அறுத்த கோடு.
இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன்,
என் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

எண்பதாயிரம் என்றான்.
பிறந்ததிலிருந்து முதல் தடவையாக
நான் குறைத்துக் கேட்கவில்லை.

திரும்பி வந்துவிட்டதே,
அப்போ கடன் தீரவில்லையா என்றான் வாகிமன்.
தீர்ந்தது, இது நான் காசு கொடுத்து வாங்கியது என்றேன்.
யாரிடம் என்றான்.
சொல்லத் தெரியாமல்
கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.

லெகினி அதைத் தூக்கி
இறகில் முகம் புதைத்தாள்.
கந்தக வாடை.
ஒருமுறை இருமினாள்.

அடுத்ததற்குக் காத்திருந்தோம்
நாங்கள் இருவரும்,
தலையைச் சாய்த்துக்கொண்டு
சேவலும்.