பாஞ்ச் மினிட்

கரோல் பாக், ஜனவரி, இரவு பதினொன்று நாற்பது.
முன்பதிவுப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே
பூத்த மரம் ஒன்று இருந்தது.
304-இல் திரையை விலக்கினால் சுவர்.
சுவரில் பக்கத்துத் தாபாவின் புகைவிசிறி
என் முகத்துக்கு நேரே வெங்காயம் வதக்குகிறது.

விரிப்பில் ஒரு முடி.
நீளம், மருதாணிச் சிவப்பு, நிச்சயம் எனதல்ல.
சொல்லலாமென்று ஒன்பதை அழுத்தினேன்.
தொலைபேசிக்குள் கடல் இரைந்தது.
டெல்லியில் கடல்.

லிஃப்ட் கதவில் ‘விருந்தினரே தெய்வம்’.
தெய்வம் மூன்று மாடி இறங்கிப் போனது.

மேசைக்குப் பின்னால் நேகி.
குரங்குக் குல்லாவும் டையும் சேர்ந்த இருபது வயது.
என் இந்தி பட்டறையில் பீகார் பையன்களிடம் பொறுக்கியது,
அதில் வசவுகள் மட்டும் சுத்தமாக வரும்.
அவற்றை விழுங்கிவிட்டு, வெந்நீர் வரவில்லை என்றேன்.
பாஞ்ச் மினிட், மேடம்.
தண்ணீரே வரவில்லை என்று திருத்தினேன்.
பாஞ்ச் மினிட்.
விரிப்பு? கம்பளி?
காய்ச்சலுக்கும் கால்வலிக்கும்
ஒரே வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டுகிற
கம்பவுண்டரைப்போல இருந்தான்.

சொல்ல விட்டுப்போனது: நான் பம்பு விற்கிறவள்.
பீளமேட்டில் பட்டறை, பதினேழு ஆட்கள்.
விடிந்தால் பத்து மணிக்குப் பிரகதி மைதானத்தில்
எங்கள் அரை ஹெச்பி மோட்டாரைப் பற்றி
இருபது நிமிடம் பேசவேண்டும்.
‘இனி தண்ணீர் உங்கள் சொல் கேட்கும்’
பதாகை அடித்து, சுருட்டி, விமானத்தில்
அதற்குத் தனியே காசு கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன்.

கோட்டோடு, சாக்ஸோடு, அந்த முடிக்கு இடம் விட்டு
கட்டில் ஓரத்தில் ஒருக்களித்தேன்.
அப்போதுதான் கேட்டது.
கூரைக்கும் மேலே எங்கோ
ஒரு மோட்டார் வெறுமனே சுற்றுகிறது,
தீர்ந்துபோன புட்டியை விடாமல் உறிஞ்சும் பிள்ளை மாதிரி.
தொட்டி வற்றியபோது காற்று அடைத்திருக்கிறது.
தெரிந்துபோன பிறகு எப்படித் தூங்குவது?

ஒரு மணிக்கு நேகியை எழுப்பினேன்.
சோபாவில் முழங்காலை மடக்கிக் கிடந்தான்.
போர்த்தியிருந்த கம்பளியின் மூலையில்
சிவப்பு நூலில் 304.

மொட்டைமாடியில் பனி கையால் விலக்குமளவு.
ஸ்பேனர் இருக்கிறதா என்றேன்.
பாஞ்ச் மினிட் என்று ஓடி
இரண்டே நிமிடத்தில் கொண்டுவந்தான்.
அவன் செல்போன் வெளிச்சம் பிடிக்க
மூடியைத் திருகி, அறையில் வைத்திருந்த
பாட்டில் தண்ணீர் இரண்டையும் கவிழ்த்தேன்.
கனைத்தது. ஏப்பம் விட்டது. இழுத்தது.
நேகி கைதட்டினான்.
பௌடியில் எங்களுக்கு மலை ஊற்றுதான் மேடம்,
அதற்கு சுவிட்சே கிடையாது என்றான்.
கம்பளியைப் பற்றி அவனும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம். குளிர் அப்படி.

காலையில் பில்.
வெந்நீர் வகையில் நூறு.
கூடுதல் கம்பளி நூற்றைம்பது.
பாட்டில் தண்ணீர், இரண்டு, நாற்பது.
பகல் மேலாளர் அலுவாலியா
பல் தெரியச் சிரித்து,
உங்கள் போனுக்கு ஒரு லிங்க் வரும்,
ஐந்து நட்சத்திரமும் போட்டுவிடுங்கள் என்றார்.

அவர் பேனாவையே வாங்கி
அதே பில்லில் கீழே எழுதினேன்:
மோட்டார் பழுது, இரவுக் கூலி, எண்ணூற்றைம்பது.
ஜிஎஸ்டி தனி.

கண்ணாடியைக் கழற்றிப் படித்தார்.
மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.
முதலாளியைக் கேட்கவேண்டும் என்று போனை எடுத்தார்.
பாஞ்ச் மினிட், மேடம்.

வாசலில் டாக்சி ஹாரன் அடிக்கிறது.
பதாகைச் சுருளைத் தோளில் சாய்த்தபடி நேகி
எங்கும் பார்க்காமல் நிற்கிறான்.
மேலே எந்த அறையிலோ
யாரோ நிதானமாகக் குளிக்கிற சத்தம்.