அடுத்த தேதி

கருங்கல்லில் இருந்து ஆசாரிபள்ளத்துக்கு
ரெண்டு பஸ். அரைநாள் கூலி போச்சு.
சூப்பர்வைசரிடம் பல்வலி என்று சொன்னேன்.
பல்வலியை யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

போன தடவை வினிகர் தொட்டு வைத்தார்கள்,
ஊறுகாய்க்கு ஊற்றுகிற அதே வாசம்.
வெள்ளையாகத் தெரிகிற இடம்தான் கோளாறாம்.
சிரிப்பு வந்தது எனக்கு.
பதினாலு வருஷமாக அண்டிப்பருப்பில்
புள்ளி விழுந்ததைத் தள்ளுகிறவள் நான்.
எங்களுக்கு வெள்ளைதான் முதல் தரம்.

"புற்று இல்லை. விட்டால் ஆகலாம்.
சுட்டாச்சு. ஆறு மாசம் கழிச்சு வாங்க."
அந்த ஒரு 'லாம்'
ஆறு மாசமும் மடியில் கனத்தது.
ஷார்ஜாவில் இருந்து அவர் கேட்டார்,
"அப்போ நோய் உண்டா, இல்லியா?"
சார்ஜ் தீரப்போகுது என்று வைத்துவிட்டேன்.

வரிசையில் முன்னால் நின்ற ஜெனோவா
கடியப்பட்டணத்துக்காரி.
"எனக்கு இது மூணாவது மட்டம்" என்றாள்,
ரேஷன் கடையில் நிற்கிறவள் மாதிரி.
நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினாள்.
நாலைந்து எடுத்தேன். உப்புக் கூடுதல்.

திரைக்கு உள்ளே, கூரையில் ஒரு பல்லி.
அதையே பார்த்துக் கிடந்தேன்.
குளிர்ந்த இரும்பு.
மறுபடி அந்த ஊறுகாய் வாசம்.
டாக்டர் ரொம்ப நேரம் பேசவில்லை.
பல்லியும் அசையவில்லை.
"வெள்ளை இல்ல. எழும்புங்க."

சீட்டில் ஒரு வரி:
அடுத்த வருஷம், இதே மாசம்.
கோயில் காலண்டரில் அந்த வருஷம் கிடையாது.
அடுக்களைச் சுவரில்
கரித்துண்டால் எழுதி வைத்தேன்.

"ஆருக்க கல்யாணம்மா?" என்றாள் மகள்.
பல்வலி என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு,
கதவைச் சாத்திட்டு வா, என்றேன்.