பழையது முதலில்

கட்டிலுக்குக் கீழே நாற்பது கிலோ சம்பா.
கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி,
லிஃப்ட் வேலை செய்யாத கிழமையில்
ஐந்து ஐந்து கிலோவாக ஏற்றினோம்
பக்கத்து வீடுகள் உறங்கிய பிறகு.

டின் மீன், பருப்பு, மெழுகுதிரி.
இரண்டாவது காஸ் சிலிண்டருக்குத் துணி போர்த்தி
மேலே ஒரு பூச்சாடி வைத்திருக்கிறேன்.
பெனில்டஸ் எல்லாவற்றிலும் திகதி எழுதுகிறான்.
பால்மாவுக்கு நான்கு மணித்தியாலம் நின்று
வெறுங்கையோடு வந்தானே, அன்றிலிருந்து
அவனுடைய எழுத்து சிறுத்துவிட்டது.

புதியது பின்னால் போகும்.
எட்டு மாதத்துக்கு முந்தியது உலைக்கு வரும்.
வண்டு பொறுக்கி, அரித்து,
செத்தல் மிளகாய் வாசத்தோடு
போன வருடத்துப் பயத்தைச் சாப்பிட்டு முடிக்கிறோம்;
அதற்குள் இந்த வருடத்தது வந்துவிடும்.
சோறு மணக்கும் என்று மகளுக்குத் தெரியாது.

நேற்று மாலை கீழ்மாடி ஷிரோமி
கதவைத் தட்டி ஒரு சுண்டு அரிசி கேட்டாள்.
நாளைக்குத்தானாம் சம்பளம்.
கட்டில் தெரியாதபடி கதவைப் பாதி சாத்திவிட்டு
உள்ளே போனேன்.
தரையில் படுத்து,
முன்வரிசையைத் தாண்டிக் கை நீட்டி,
கடைசிச் சாக்கிலிருந்து அளந்தேன்,
திகதி எழுதாததிலிருந்து.
இரண்டு சுண்டு.

எட்டு மணிக்குப் படியேறி வந்த பெனில்டஸ்
சப்பாத்தைக் கழற்றாமல் நின்று
மூக்கை உறிஞ்சினான்.
யார் வீட்டில் இன்றைக்கு விசேஷம்?