சதுர அடிக்கு நாற்பது

அருவங்காடு வளைவில் தடுப்புச் சுவர்,
நூற்றெண்பது சதுர அடி வீரம்.
மாதிரிப் படம் போனில் வந்தது:
பனிமலை, கொடி, ஆறு பேர்.
ஆறு பேருக்கும் ஒரே தாடை.

முதலில் சுரண்டல்.
பாசி போனது. பூச்சிமருந்து விளம்பரம் போனது.
அதன் கீழே சிவப்பு முக்கோணம்,
சிரிக்கும் இரண்டு பிள்ளைகள்.
அதற்கும் கீழே
சுண்ணாம்போடு சுண்ணாம்பாக
ஒருத்தன் நின்றிருந்தான், காக்கி நிக்கரில்,
இதே மாதிரி நெஞ்சு நிமிர்த்தி,
இதே இடக்காலை முன்வைத்து.
கையில் இருந்த கொடி மட்டும்
வேறொரு ராஜாவுடையது.

அவன் கோட்டின் மேலேயே என் கோடு.
அரைநாள் வேலை மிச்சம்.

மூன்றாம் நாள் போஜன் வந்தார்.
ஏ.டி.எம். வாசலில் இரவுக் காவல்,
அதற்குமுன் பதினேழு வருஷம் பட்டாளம்.
வர்க்கியை டீயில் நனைத்தபடி
ரொம்ப நேரம் பார்த்தார்.
"பூட்ஸ் நல்லாருக்கு" என்றார்.
"நல்லா காஞ்சிருக்கு."

பிறகு, நான் கேட்காமலே:
மேலே ஸ்டவ் கரி படிந்து
எல்லார் மூக்கும் கறுப்பு.
இருளாண்டி என்றொரு பையன், உசிலம்பட்டிப் பக்கம்,
காலுறையைக் கழற்றினான்,
சுண்டுவிரலும் கூடவே வந்தது.
அழவில்லையாம்.
இருந்த இடத்தில் திரும்ப வைக்கப் பார்த்தானாம்.
"கொடி பிடிச்சு நின்னது
போட்டோ எடுக்க வந்த அன்னிக்குத்தான்.
காத்துல கம்பம் நிக்கல.
நாலு தடவை எடுத்தாங்க."

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு,
"ஓரமா உக்காந்திருக்கற மாதிரி
ஒருத்தன் போட முடியுமா?"

காண்ட்ராக்டரிடம் கேட்டேன்.
"உக்காந்தவனுக்கு
எவன்யா சல்யூட் அடிப்பான்?"

பதினான்காம் தேதி ராத்திரி
கொஞ்சம் நீலம் மிஞ்சியது.
பாறைக்குப் பின்னால், ஒரு சாண் உயரத்தில்,
முதுகு மட்டும் தெரிய ஒருத்தன்,
குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு.
தூரத்திலிருந்து பார்த்தால் மூட்டை.

மறுநாள் ஜிலேபி கொடுத்தார்கள்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள்
தாடைகளோடு செல்ஃபி எடுத்தார்கள்.
மூட்டை எந்தப் படத்திலும் விழவில்லை.

இப்போது நவம்பர் மழை.
சுவருக்கு வியர்க்கிறது.
பெயின்ட் கொப்பளித்த இடத்தில்
இந்தக் கொடிக்குள்ளிருந்து
அந்தக் கொடி எட்டிப் பார்க்கிறது.
டச்சப்புக்கும் அதே ரேட்தானே என்று
காண்ட்ராக்டர் பேரம் பேசுகிறார்.

பாசி முதலில் ஏறியது
குனிந்தவன் முதுகில்தான்.
சுரண்டப் போனேன்.
ஏ.டி.எம். வாசலுக்குப் போகிற வழியில்
குடையோடு நின்றார் போஜன்.
"இருக்கட்டும் விடு" என்றார்.
"குளிருக்கு ஆகும்."