பகல் உறக்கம்

மழை நின்று பத்தொன்பது நாள்.
சஜா முகாமின் பின்சுவரோரம் தண்ணீர் இன்னும் போகவில்லை;
அதில் ஒரு லாரி டயர், பாதி மூழ்கி.
பன்னிரண்டாம் அறை. எட்டுக் கட்டில். பதினாறு பேர்.

நான் மருத்துவர் இல்லை.
காய்ச்சலில் செத்தவர்களைப் பற்றி
உயிரோடிருப்பவர்களிடம் கேட்டு எழுதுகிறவள்.
நாற்பத்திரண்டு கேள்விகள்.

களஞ்சியம். முப்பத்தாறு வயது. கமுதிப் பக்கம்.
கம்பி கட்டுகிற வேலை.
காய்ச்சல் வந்தபின் எத்தனை நாள் வேலைக்குப் போனார்?
"மூணு" என்கிறார் நரசய்யா.
"ஒருநாள் வரலேன்னா ரெண்டு நாள் சம்பளம் பிடிப்பான்."
ஆஸ்பத்திரிக்கு?
கார்டு புதுப்பிக்க மந்தூப்பிடம் போயிருந்தது,
மந்தூப் ஈத் விடுமுறைக்குப் போயிருந்தார்.
மாத்திரை?
பக்காலாவில் உடம்புவலிக்கென்று கொடுத்த சிவப்பு மாத்திரை,
நாளைக்கு நாலு.
வலி நன்றாக நின்றதாம்.
ஐந்தாம் நாள் பல் தேய்த்தபோது
ரத்தம்தான் நிற்கவில்லை.

இந்தக் காய்ச்சலில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியும்.
வாங்கி வந்தவர் நரசய்யா.
அடுத்த கேள்விக்குப் போனேன்.

வெளியே ஆறு நீலப் பீப்பாய்கள், திறந்தபடி.
டேங்கர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
மூடிகள் எங்கே?
அறைக்குள் காட்டினார்:
அவற்றின்மேல்தான் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.
புகை வண்டி வந்ததா?
வந்தது. ராத்திரியில்.

ஐந்தாம் கட்டில் இருவருக்கும் பொது.
ஒரே மெத்தை, ஒரே தலையணை, ஒரே எண்ணெய்க் கறை.
இரவில் நரசய்யா படுப்பார், பகலில் களஞ்சியம்.
இந்தக் கொசு பகலில் கடிப்பது.

இரவு ஷிப்ட் யார் போட்டது?
"அவரே கேட்டு வாங்கினாரு.
மணிக்கு ஒண்ணரை திர்ஹம் கூட."
பட்டியலில் தேடினேன்.
பொருந்தியது ஒன்றுதான், ஏழாம் எண்: சொந்த விருப்பம்.
எழுதினேன், அடித்தேன்,
காகிதம் கிழியும்போல் இருந்தது,
மறுபடி அதையே எழுதினேன்.

இவ்வளவும் தாழ்ந்த குரலில்.
ஏனென்றால் ஐந்தாம் கட்டிலில் ஆள் இருக்கிறான்.
செவ்வாய்க்கிழமை வந்த பையன்,
பரிசால் பக்கமாம், பேர் யாருக்கும் இன்னும் பழகவில்லை.
கைலி முழங்காலுக்கு ஏறி, வாய் திறந்து,
விடியும்வரை கான்கிரீட் சுமந்த தூக்கம்.

அவன் கெண்டைக்காலில் வந்து உட்கார்ந்தது,
கால்களில் வெள்ளை வளையங்களோடு.
அடித்தால் விழித்துக்கொள்வான்.
குனிந்து ஊதினேன்.
எழுந்து,
அவசரமே இல்லாமல்,
ஆறாம் கட்டிலுக்குப் போனது.
மணி பதினொன்று.